மாடியில் குடியிருக்கும் காரணம்

அன்பு மகளே,

இங்கே எல்லோரும் நலம், என் இடது முழங்கால் நீங்கலாக. அது மட்டும் தனி நாடு கேட்டுப் போராடிக்கொண்டிருக்கிறது. அங்கே நீ முழங்கால் உட்பட முழு நலத்தோடு இருக்க வேண்டும் என்று உன்னைத் தூக்கி வளர்த்த பெரியப்பா, இரண்டாம் மாடிச் சக்கரவர்த்தி, பிளாஸ்டிக் சிம்மாசனத்திலிருந்து வாழ்த்துகிறேன். உன் அண்ணன் பெற்ற வாலு தேறிவிட்டான். தொண்டைப் புண் ஆறிவிட்டது, குரல் மட்டும் இன்னும் கரகரக்கிறது, போகப்போகச் சரியாகும் என்கிறார் டாக்டர். அவனோ போலீஸ்காரக் குரல் கிடைத்துவிட்ட பெருமையில் பள்ளிக்கூடத்தையே அதட்டிக்கொண்டிருக்கிறான். உன் பெரியம்மாதான் அவன் கையில் டம்ளரைக் கொடுக்குமுன் ஒவ்வொரு தடவையும் மோந்து பார்க்கிறாள். பார்க்கச் சிரிப்பு வருகிறது, சிரிக்க முடியவில்லை.

போன வாரம் நீ ஃபோனில் போட்ட சத்தத்தில் என் காதிலிருந்து வந்த புகையைப் பார்த்து எதிர்வீட்டுக்காரர் தீயணைப்பு வண்டிக்குச் சொல்லப் போய்விட்டார். தண்ணித் தொட்டியில பினாயில் ஊத்தினவனைப் போயி ஜெயில்ல பாத்துட்டு வந்திருக்கீங்களே, அவன் ஏன் செஞ்சான்னு தெரிஞ்சு என்னத்தைக் கிழிக்கப்போறீங்க பெரியப்பா, அதான் தண்டனை குடுத்தாச்சே என்று கேட்டாய். அதற்கு ஃபோனில் பதில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. கடிதம் என்றால் நீ குறுக்கே பேச முடியாது பார்.

உன் அண்ணன் கேள்வியெல்லாம் கேட்கவில்லை, பேச்சையே நிறுத்திவிட்டான். ஒரே சாப்பாட்டு மேசை, இரண்டு எதிரி நாடுகள். வாலுதான் தூதுவர். தாத்தாவை அந்தக் குழம்பை இந்தப் பக்கம் நகர்த்தச் சொல்லுடா என்பான் அவன், இவன் அந்தக் கரகரக் குரலில் அதை எனக்கு அறிவிப்பான். அந்தக் குரலில் கேட்கும்போது குழம்புக் கிண்ணம் இரும்பாய்க் கனக்கிறது மகளே. அண்ணன் கோபத்தில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை, அந்தத் தண்ணீரைக் குடித்த பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு படியில் இறங்கி ஓடியவன் அவன்தான்.

ஆனாலும் போனேன். மொட்டைமாடி அறைக்காரரை உனக்கு ஞாபகம் இருக்கும், ரொட்டித் தொழிற்சாலையில் ராத்திரி வேலை, என்னைப் படியில் பார்த்தால் பையைப் பிடுங்கிக்கொண்டு முன்னால் ஏறிவிடுவார். அந்தக் கையா இதைச் செய்தது என்று என் மண்டைக்குள் ஒரு எலி ஓடிக்கொண்டே இருந்தது. கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். மேல் வீடுகளுக்குத் தண்ணீர் வேகமாக வரவில்லை என்று தொட்டிப் பக்கத்தில் புது மோட்டார் வைத்தோமே, அது அவர் கட்டிலை ஒட்டிய சுவரில் இருந்திருக்கிறது. யாராவது குழாயைத் திறந்தால் அது உறுமும். ராத்திரி எல்லோரும் தூங்க வேண்டும், அதனால் பகலில் மட்டும் ஓடட்டும் என்று குடியிருப்போர் கூட்டத்தில் நல்ல மனதோடு முடிவெடுத்தார்கள், நான் வழக்கம்போல் அந்தக் கூட்டத்திலும் குறட்டை விட்டேன். பகலில் தூங்குகிற ஒரே மனுஷர் அவர்தான், கூட்டம் நடந்தபோது அவர் வேலை முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார். குடியிருப்போர் சங்கக் காரியதரிசியிடம் இரண்டு தடவை சொல்லியிருக்கிறார், காதில் பஞ்சு வெச்சுக்கோங்க சார் என்று பதில் வந்திருக்கிறது. மாதக்கணக்கில் தூக்கம் இல்லை. தண்ணி நாறினா மோட்டாரை நிறுத்திடுவாங்க, ஒரு நாள் தூங்கலாம்னு தோணுச்சுங்க என்றார். நாலு கதவைத் தட்டி யாரும் குடிக்காதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டேன். நாத்தம் தெரியும், யாரும் வாயில வெக்கமாட்டாங்கன்னு நெனச்சேன், மோட்டார் நின்னுச்சு, தூங்கிட்டேங்க என்றார். நம் பிள்ளை படியில் கதறிக்கொண்டு போனபோது அந்த ஆள் தூங்கிக்கொண்டிருந்தார். இதைக் கேட்டு எனக்கு அவரை அறையவும் தோன்றியது, போர்வை வாங்கிக் கொடுக்கவும் தோன்றியது, ஒரே கையால் இரண்டும் எப்படிச் செய்வது.

அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன், உங்க தண்டனையில ஒரு நாள்கூடக் கொறைக்கச் சொல்லமாட்டேன் என்று. கொறைக்க வேணாங்க என்றார். ஆக, காரணம் தெரிந்ததால் குற்றம் கரைந்துவிடவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து மாடி ஏறிப் பார்த்தேன், முழங்கால் தடுத்தும் கேட்கவில்லை. அந்த அறையில் புதுசாக ஒரு நர்ஸம்மா குடிவந்திருக்கிறது. ராத்திரி டியூட்டி. கண் இரண்டும் குழிக்குள் போய்க் கிடக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் மோட்டார் உறுமுகிறது, மேசையில் வைத்த தண்ணீர் டம்ளர் தானாக நடக்கிறது. நாம் ஆளைப் பிடித்து உள்ளே போட்டுவிட்டோம் மகளே, காரணம் மட்டும் வாடகை கொடுக்காமல் மாடியிலேயே குடியிருக்கிறது. அந்தப் பெண் யாருக்கும் எதுவும் செய்யமாட்டாள்தான். மொட்டைமாடிக்காரரைப் பற்றியும் நான் அப்படித்தான் சத்தியம் செய்திருப்பேன்.

இதைப் பெரியம்மாவிடம் பக்கத்துத் தெரு வரை கேட்கிற ரகசியக் குரலில் சொன்னேன். உன் அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பையை எடுத்துக்கொண்டு எங்கேயோ போனான், வேலை வந்திருக்கிறது என்று நினைத்தேன். மாடியில் சுத்தியல் சத்தம். நான் மூச்சு வாங்க ஏறிப் போனால், மோட்டாரைச் சுவரிலிருந்து கழற்றித் தொட்டிக்கு அந்தப் பக்கம் ரப்பர் துண்டுகள் மேல் உட்கார வைத்துக்கொண்டிருக்கிறான். என்னைப் பார்த்ததும், அவனுக்காக இல்ல என்றான். தெரியும்டா என்றேன். கடைசி நட்டை முறுக்கிவிட்டு, குழாயைத் திறந்து, சுவரில் காது வைத்துக் கேட்டான், ரொம்ப நேரம் கேட்டான். பிறகு கையைத் துடைத்துக்கொண்டே, அங்க அந்தாளு தூங்குறானா பெரியப்பா என்றான்.

கேட்காமல் வந்துவிட்டேன் என்று சொன்னேன். அப்போ கேட்டுட்டு வாங்க என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டான். அடுத்த வாரம் போகிறேன், நீயும் கத்தாதே. எல்லா நலமும் பெற்று நீ நீடூழி வாழ்க, குளிருக்குக் கழுத்துத் துணி இல்லாமல் வெளியே போகாதே. அண்ணனுக்கு ஃபோன் செய், மோட்டார் பற்றி மட்டும் கேள், மற்றதை அவனே சொல்வான்.

என்றும் உன் நலம் நாடும்,
முழங்கால் நீங்கலாக முழு மனிதனான
பெரியப்பா