எந்தப் பையனைக் காட்டினாய், நைனா?

நைனா, போன வாரம் உன் தகரப் பெட்டியைத் திறந்தேன். அம்மாவின் உதவித்தொகை மனுவோடு வைக்க ரேஷன் கார்டு நகல் வேண்டியிருந்தது. மூடியைத் தூக்கியதுமே பீடியும் கருவாடும் கலந்த உன் வாசனை முகத்தில் அடித்தது. நீ போய் ஏழு மாதம் ஆகிறது, வாசனை மட்டும் கிளம்புவதாக இல்லை. நகலுக்கு அடியில் நான்காக மடித்த ஒரு மஞ்சள் சீட்டு இருந்தது. பழவேற்காட்டில் நடந்த இலவசக் கண் முகாமில் கொடுத்த சீட்டு. உன் பெயர், வயது, அதற்குக் கீழே பேனாவால் ஒரு வரி: இரண்டு கண்ணிலும் முற்றிய புரை, அறுவைக்கு வரவும். தேதியைப் பார்த்தேன். தை மாதம். நீ போனது ஐப்பசியில்.

அந்த ஒன்பது மாதமும் என் பக்கத்தில் உட்கார்ந்து, என் லாப்டாப்பில் ஆடிய எத்தனை பையன்களைப் பற்றி எனக்குக் கருத்துச் சொன்னாய்! நானும் பெரிய நிபுணரிடம் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்றே தெரியவில்லை. சீட்டை எடுத்துக்கொண்டு போய் அம்மாவிடம் காட்டினேன்.

"உனக்குத் தெரியுமாம்மா?"

அம்மா இறாலை உரித்துக்கொண்டே, "தெரியும்" என்று சொன்னாள்.

"ஏன் சொல்லல?"

"சொல்லாதன்னாரு. படகுல போவக் கூடாதுன்னு நீ கத்துவ, அதான்னு நான் நெனச்சிக்கினேன். அது இல்லியாம். 'கண்ணு தெரியலன்னா அவ என்னைக் கேக்கறத நிறுத்திடுவா'ன்னாரு."

அன்றிலிருந்து எனக்கு ஒன்றும் சரியாகப் புரியவில்லை நைனா. நீ கண்டு சொன்னாயா, நான் கேட்கிறேனே என்பதற்காகச் சொன்னாயா?

என் வேலையை முதலில் உனக்கு விளக்கிச் சொன்ன நாள் நினைவிருக்கிறதா? பொன்னேரியில் ஜவுளிக்கடை மாடியில் ஒரு சின்ன ஆபீஸ். ஏதோ ஒரு குளிர் தேசத்தில் பதினேழு, பதினெட்டு வயதுப் பையன்கள் ஐஸ் ஹாக்கி ஆடுகிற படங்கள் அங்கே வரும். ஒவ்வொரு பையனாகப் பிடித்து அவன் எத்தனை தடவை விழுந்தான், பந்துக்குப் பதிலாக அங்கே இருக்கும் கறுப்பு வட்டை எத்தனை தடவை சரியாகத் தள்ளிக் கொடுத்தான் என்று எண்ணி, பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, கடைசியில் ஒரு வரி எழுத வேண்டும். எங்கள் சல்லடையில் நின்றவனைத்தான் அங்கிருந்து ஆள் அனுப்பி நேரில் பார்ப்பார்கள். பிறகு வருஷத்துக்கு ஒரு நாள் பெரிய அணிகளெல்லாம் கூடி, முறை வைத்துப் பையன்களை எடுத்துக்கொள்ளும். அதற்கு டிராஃப்ட் என்று பெயர். வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே செய்யலாம் என்றதும் லாப்டாப்போடு உன் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன்.

ஏரியிலிருந்து ஒன்பது மணிக்கு வந்து, பழைய சோற்றைக் குடித்துவிட்டு, நீ எட்டிப் பார்த்தாய். "அவ்ளோவும் ஐஸா? இன்னா பாப்பா, ஒரு மீனக்கூடக் காணோம்!" என்றாய். கோல் வலையைக் காத்து நின்ற பையனைப் பற்றிச் சொன்னதும் உனக்குக் கோபமே வந்துவிட்டது. வலைக்குள் வருவதைத் தடுப்பவன் எப்படி நல்லவனாவான் என்று கேட்டாய். "நம்ம வலை முன்னாடி ஒருத்தன் இப்டி காலப் பரப்பிக்கினு நின்னா சும்மா வுடுவமா?" அந்தப் பையனுக்குத்தான் அன்றைக்கு ஒன்பது மதிப்பெண் போட்டேன் என்று உன்னிடம் கடைசி வரை சொல்லவில்லை.

டிராஃப்ட் மட்டும் உனக்கு உடனே பிடிபட்டது. முந்தின வருஷம் கடைசி இடங்களில் வந்த அணிகளுக்குள் சீட்டுக் குலுக்கி, யாருக்கு முதல் முறை என்று முடிவு செய்வார்கள் என்றேன். "நம்ம பாடு மாதிரி" என்று நிமிர்ந்து உட்கார்ந்தாய். ஏரியில் இன்ன இடத்தில் இன்ன நாள் இன்ன வீட்டுக்காரர் வலை கட்டலாம் என்று நம் ஊரில் சீட்டுப் போட்டுத்தானே முறை பிரிக்கிறோம். அது உனக்குக் கோயில் காரியம் மாதிரி. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நாம எடத்துக்குத்தான பாப்பா சீட்டுப் போடுவோம்? அவங்க ஆளுக்கே போடறாங்களே. அந்தப் பையன்கிட்ட யாராச்சும் கேப்பாங்களா, ஒனக்கு எங்க போவணும்னு?" என்றாய். கேட்க மாட்டார்கள் என்றேன். "பேஜாரா கீதே" என்று பீடியைப் பற்ற வைத்தாய். எனக்கும் அது பேஜாராகத்தான் பட்டது. ஆனால் சம்பளம் வாங்குகிறவள் அதையெல்லாம் யோசிக்கக் கூடாது.

இப்போது நினைத்துப் பார்த்தால் எல்லாமே கண் முன்னால்தான் நடந்திருக்கிறது. ஒரு நாள், "அந்தச் சாம்பல் சட்டைக்காரன் சோக்கா போறான், யாருமே அவன அடிக்கறதில்ல பாரு" என்று பாராட்டினாய். சாம்பல் சட்டையில் யாரும் இல்லையே என்று தேடினேன். நீ காட்டியது நடுவரை. அவருக்குக் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட சட்டை. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், நீயும் கூடச் சிரித்தாய். அந்தக் கோடுகள் உன் கண்ணில் கரைந்து சாம்பலாகிவிட்டன என்று எனக்கு உறைக்கவே இல்லை. வலை ஊசியில் நூல் கோக்கும் வேலையை அம்மாவிடம் தள்ளிவிட்டாய். சோம்பேறி என்று கேலி செய்தேன். டம்ளரைத் தரையில் தடவி எடுத்தாய். பீடி மயக்கம் என்றேன். ஏரியில் உனக்குக் கண்ணே தேவைப்படவில்லை போலிருக்கிறது. கழி குத்தும் இடத்துச் சேறும் கன்னத்தில் படும் காற்றும் போதும், கரைக்கு வந்து சேர்ந்துவிடுவாய்.

உலகத்தின் இன்னொரு மூலையில் ஒரு பையன் தலையை எந்தப் பக்கம் திருப்பினான் என்று பார்த்துச் சம்பளம் வாங்குகிறவள் நான். ஒரு முழ தூரத்தில் உட்கார்ந்திருந்த உன்னைப் பார்க்கவில்லை. அது மட்டும் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. மற்றதெல்லாம் குழப்பம்.

குழப்பத்தைக் கூட்டுவதற்கென்றே இன்று காலை அந்தக் குளிர் தேசத்திலிருந்து ஒரு மெயில் வந்தது. பதினேழாம் எண் சட்டைப் பையனைப் பற்றியது. உனக்கு நினைவிருக்கும். புரட்டாசியில் ஒரு முற்பகல், அவனுக்கு ஐந்து மதிப்பெண் போட்டு முடிக்கப் போனேன். குள்ளப் பையன், கோலும் அதிகம் போடவில்லை. வரியில் எழுதுவதற்கும் ஒன்றும் இல்லை. வழக்கம்போல, "இவன் எப்படி நைனா?" என்றேன். நீ வெகுநேரம் பார்த்தாய்.

"இவன் வந்தா கூட்டமே எடம் மாறுது பாப்பா. கூட ஆடறவங்க அவன நம்பி வெலகறாங்க. எதிராளிங்க பயந்து வெலகறாங்க."

"எந்தப் பையன் நைனா?"

"இதோ, இவன்தான்" என்று கட்டிலில் இருந்தபடியே விரலை நீட்டினாய்.

நான் திரைப் பக்கம் திரும்பியபோது நடுவில் பதினேழு இருந்தான். இடித்துக்கொண்டு பக்கத்திலேயே எட்டாம் எண். இருவரும் ஒரே அணி, பெரும்பாலும் ஒன்றாகத்தான் இறங்குவார்கள். நான் கேட்டது பதினேழைப் பற்றி என்பதால் நீ காட்டியதும் அவனைத்தான் என்று எடுத்துக்கொண்டேன். ஐந்தை ஏழாக்கினேன். நீ சொன்னதை அப்படியே அவர்கள் மொழியில் எழுதினேன். ஒரு மாதத்தில் நீ போய்விட்டாய். ஏரியிலிருந்து வந்து, நெஞ்சு கரிக்கிறது என்று படுத்தவன், ஆட்டோ பொன்னேரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டாய்.

மெயிலில் கேட்டிருப்பது இதுதான். "இவன் வந்தால் ஆட்டக்காரர்கள் இடம் மாறுகிறார்கள்" என்ற வரிக்கு ஆதாரமாக நான்கு இடங்களைக் காட்ட வேண்டும். இல்லையென்றால் வரியை நீக்கி, மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டும். மாலை ஐந்து மணிக்குள். டிராஃப்டுக்கு இன்னும் சில வாரங்கள்தான் இருக்கின்றன. ஏழு என்றால் யாராவது ஒருவர் போய் அவனை நேரில் பார்ப்பார். ஐந்து என்றால் பட்டியலில் அவன் பெயரே இருக்காது. எட்டாம் எண்ணுக்குக் கவலையில்லை. ஓங்குதாங்கான பையன், ஏற்கெனவே ஒன்பது வாங்கியிருக்கிறான். இந்தக் குள்ளனுக்கு இருப்பதெல்லாம் உன் ஒரு வரிதான் நைனா. புரை விழுந்த கண்ணுக்கு யார் முதலில் தெரிவான், குள்ளனா, நெட்டையனா?

படத்தைப் போட்டேன். எத்தனை தடவை பார்த்தாலும் என் கண் அந்தக் கறுப்பு வட்டின் பின்னாலேயே ஓடியது. பழகிய கண் அப்படித்தான் ஓடும். உனக்கு அந்த வட்டு தெரிந்தே இருக்காது என்று அப்போதுதான் தோன்றியது. எழுந்து போய், ஐஸ் பெட்டிக்கு மேல் அம்மா போட்டு வைக்கும் பாலிதீன் தாளை எடுத்து வந்தேன். பழசு, வெளுத்துப் போனது. அதைத் திரைமேல் தொங்கவிட்டேன்.

வட்டு மறைந்துவிட்டது. எண்களும் மறைந்துவிட்டன. நிறங்கள் மட்டும் நகர்ந்தன. கொஞ்ச நேரத்தில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது நைனா. கூட்டம் உண்மையாகவே விலகியது. ஒரு நிறம் உள்ளே நுழைந்ததும் மற்ற நிறங்கள் தாமாகவே வழி விட்டன. நீ சொன்னது பொய்யில்லை. எனக்காகக் கட்டிச் சொன்னதும் இல்லை. "அம்மா, நைனா பாத்துக்கினுதான் இருந்தாரு" என்று கத்தினேன். அடுப்படியிலிருந்து அவள், "நான் எப்ப இல்லேன்னேன்?" என்றாள்.

சந்தோஷம் அத்தோடு சரி. தாளைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். இரண்டு இடங்களில் குள்ளனும் நெட்டையனும் ஒன்றாக இருந்தார்கள். மூன்றாவதில் நெட்டையன் வெளியே உட்கார்ந்திருந்தான், ஆனாலும் கூட்டம் விலகியது. அப்பாடா என்றிருந்தது. நான்காவதில் குள்ளன் வெளியே இருந்தான். அப்போதும் விலகியது! தாளைக் கசக்கி எறிந்துவிட்டு, திரும்பப் போய் எடுத்து வந்தேன்.

நாலரைக்கு எங்கள் டீம் லீடர் போன் செய்தான். அனுப்பம்பட்டுப் பையன், என்னைவிட ஐந்து வயது இளையவன்.

"அக்கா, அந்தப் பதினேழு இன்னா ஆச்சு?"

"தெரியலப்பா."

"தெரியலன்னு போட அந்த ஃபாரத்துல எடமே இல்லக்கா. பேஜாரு பண்ணாத. இருக்குதுன்னா இருக்குதுன்னு போடு, இல்லேன்னா தூக்கிடு."

எதைப் போடுவது? நீ சொன்னது அவனைத்தான் என்று நான் சத்தியம் செய்ய முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது. எங்கேயோ ஒரு வீட்டில் அவனுக்கும் ஒரு நைனா இருப்பார். பையனுக்கு அழைப்பு வருமா வராதா என்று அவரும் காத்துக்கொண்டிருப்பார். அந்த வீட்டு விஷயம், இந்த வீட்டில் ஒரு விரல் எந்தப் பக்கம் நீண்டது என்பதில் வந்து நிற்கிறது. யாரிடம் சொன்னால் நம்புவார்கள்?

நான்கு இடங்களையும் குறித்தேன். இரண்டில் எட்டாம் எண்ணும் உடன் இருக்கிறான், ஒன்றில் இவன் தனியாக இருக்கிறான், ஒன்றில் இவன் இல்லை என்று உள்ளதை உள்ளபடி எழுதினேன். அதன் கீழே, "பார்த்தவருக்கு இது தெரிந்தது. எந்தப் பையனால் என்று எனக்கு உறுதியில்லை. நேரில் போய்ப் பாருங்கள்" என்று சேர்த்தேன். ஏழை மாற்றவில்லை. அது அந்தப் பையனுக்காகவா, உன் வரியை என் கையாலேயே அழிக்க மனம் வராததாலா என்று கேட்காதே. அதுவும் எனக்குத் தெரியவில்லை. ஐந்துக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது அனுப்பிவிட்டேன்.

உன் மஞ்சள் சீட்டை என் போன் உறைக்குள் வைத்திருக்கிறேன். முந்தாநாளே அம்மாவைப் பொன்னேரிக்குக் கூட்டிப்போய்க் கண்ணைக் காட்டிவிட்டேன். அவளுக்கு ஒன்றும் இல்லையாம். வெளியே வந்ததும், "ஒனக்குந்தான் பாத்துருக்கணும்" என்று என்னைச் சீண்டினாள். பாலிதீன் தாளையும் அவளுக்குத் திருப்பிக் கொடுக்கவில்லை. இனிமேல் எந்தப் பையனையும் முதல் தடவை அந்தத் தாள் வழியாகத்தான் பார்ப்பது என்று வைத்திருக்கிறேன்.

ஆனால் ஒன்று கேட்கவில்லையே நைனா. ஒரே பார்வையில் தீர்ந்திருக்க வேண்டிய விஷயம், ஏன் இத்தனை குழப்பமானது? நீ ஏன் கட்டிலில் இருந்தபடியே, திரையைத் தொடாமல் விரலை நீட்டினாய்? அதற்கு முந்தின மாதம் ஒரு நாள், ஆசையாக எழுந்து வந்து திரையைத் தொட்டு ஒரு பையனைக் காட்டினாய். நான் சீறி விழுந்தேன். "இறால் கையோட தொடாத நைனா! கம்பெனி சாமான், கறையாயிடும்!" நீ உடனே கையை இழுத்து லுங்கியில் துடைத்துக்கொண்டாய். அதற்குப் பிறகு ஒரு நாளும் கிட்டே வந்து தொட்டதில்லை.

அடுத்த பையனின் படம் ஓடிக்கொண்டிருக்கிறது. மதிப்பெண் போடுவதற்கு முன் படத்தை நிறுத்திவிட்டு, பழக்கத்தில் கட்டில் பக்கம் திரும்புகிறேன். எந்தப் பையன், நைனா? எழுந்து கிட்டே வா. கை கழுவ வேண்டாம். திரைமேலேயே விரலை வைத்துக் காட்டு.