ஸ்ரீதர் இருந்த கட்டம்

8, சனி. தூறல்.
பெரிய பேரன் ஒரகடத்தில் லைன் சூப்பர்வைசர். சின்னவன் தண்டலத்தில் காலேஜ், ஒரு அரியர் கிடையாது. பேத்தி திவ்யா கம்பெனியில் குவாலிட்டி செக்கிங். கம்பெனியே பயிற்சிக்கு ஓசூர் அனுப்பியிருக்கிறது. ஐந்தாவதோடு நின்றவள் நான். என் வம்சம்!
திவ்யாவின் பயோடேட்டா பென்னலூர் மாப்பிள்ளை வீட்டுக்கு, டைப்பிங் கடையிலிருந்தே போனில் போயாயிற்று. முருங்கைக்கீரை. மோட்டார் ரிப்பேர்.

9, ஞாயிறு. வெயில்.
மாப்பிள்ளையின் அம்மா போன். "இன்னாம்மா, பொண்ணோட அப்பா பேரு கட்டமா கீது? பேர் சொல்ல முடியாத ஆளா?"
என் மகன் ஸ்ரீதர், கன்டெய்னர் லாரி டிரைவர். போய்ச் சேர்ந்து ஆறு வருடம். பேரனின் போனில் பார்த்தேன். தந்தை-□தர்-டிரைவர். எல்லாம் ஒட்டிக்கொண்டு.
மதியம் கண் அசந்தேன். ரோடு நிறைய கன்டெய்னர் லாரிகள், சத்தமே இல்லாமல். எல்லாம் எழுத்தில்லாத கட்டங்கள். எதையோ ஒன்றை அவன் ஓட்டிக்கொண்டு போகிறான். கை காட்டினேன். எல்லா லாரியும் ஹாரன் அடித்தது.

10, திங்கள். மூட்டம்.
தண்டலம் கடை. டைப் அடிக்கும் மாலா: "அந்த ஃபான்ட்ல ஸ்ரீ கிடையாது ஆயா. என் கம்ப்யூட்டர் வேற ஃபான்ட்லேருந்து எடுத்துக் காட்டிகினு இருந்துது. அவங்க போன்ல கட்டமாயிடுச்சி. இரு, மொத்தமா 'திரு' போட்டுடறேன்."
ஊர் ஸ்ரீபெரும்புதூர், திருபெரும்புதூர் ஆயிற்று. சரி. மகன் திருதர்!
"யாரும்மா இவன்? நான் பெறாத பிள்ளை."
"கோச்சிக்காத ஆயா!" சிரிப்பு. வேறு ஃபான்ட். சுருண்டு வந்து உட்கார்ந்தது ஸ்ரீ. எழுத்தையும் உள்ளேயே வைத்து அனுப்புகிறாளாம், எந்தப் போனிலும் மாறாதாம்.
பேருக்கு முன்னால் போடும் கோட்டில் மூன்று சைஸ் காட்டினாள். "சின்னது ஒட்டறதுக்கு. நடுவாந்தரம், இங்கேருந்து அதுவரைக்கும்னு சொல்ல. பெருசு, நின்னு சொல்ல."
பெரியது. இரண்டு பக்கமும் இடம் விட்டு.
தந்தை — ஸ்ரீதர், டிரைவர் (காலமானார்).
விரல் வைத்து மூன்று தடவை படித்தேன். மாலா அவசரப்படுத்தவில்லை.

11, செவ்வாய். காற்று.
பென்னலூர் அம்மா: "இப்ப பளிச்சுனு கீது. கன்டெய்னர் ஸ்ரீதரா? எங்க வூட்டுக்காரரு அவரோட வண்டி ஓட்டினவராச்சே! ஞாயித்துக்கெழம வரோம். போட்டோல பொண்ணு கம்பெனி தொப்பி போட்டுகினு கீது, மூஞ்சியே தெரியல."
மருமகள் ஷிப்டுக்குக் கிளம்பியவள், செருப்போடு நின்று அழுதாள். நான் பார்க்காதது போல இருந்தேன்.
ஓசூருக்குச் சொல்ல வேண்டியது: திவ்யா, தொப்பி இல்லாமல் புதுப் போட்டோ ஒன்று. கையில் பிடித்துப் பார்க்கிற மாதிரி, பிரிண்ட் போட்டு. நாளைக்கே தபாலில் போடு கண்ணு.