காலை வெளிச்சத்தில் வந்து சேர்

அன்பு மகன் கெர்சோனுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் இங்கே மூச்சோடு இருக்கிறோம், நீயும் மருமகளும் குழந்தை லீனாவும் அந்தக் கனடாக் குளிரில் சுகமாக இருக்க வேண்டும். முதலில் நல்ல சேதி. உன் அக்கா மகள் உனோமாசா நர்சுப் படிப்பு முடித்து விண்டுக் நகரத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள், இப்போது லீவில் வந்திருக்கிறாள், வெள்ளை உடுப்போடு கோயிலில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள், நான் பிரசங்கம் கேட்கவில்லை, எல்லாரும் அவளைப் பார்க்கிறார்களா என்றுதான் பார்த்தேன். அவள் தம்பி உசியேல் வளர்த்த காளைக்குச் சந்தையில் முதல் பரிசு. நீ பாலம் கட்டுகிறாய் என்று நான் சொல்லாத ஆள் இந்த ஒட்ஜினேனேயில் கிடையாது.

மகனே, அப்பாவுக்கு நாக்கு விழுந்துகொண்டு வருகிறது. காலையில் பேசுகிறார், வெயில் ஏறினால் குழறிப்போகிறது. லீனாவுக்கு நம் பெயர் ஒன்று வைத்திருக்கிறார், அதை எனக்கும் சொல்லவில்லை, உன் சித்தப்பா ஆசேருக்கும் சொல்லவில்லை. "புள்ளைய அணையா நெருப்பு முன்னால நிறுத்தி, நம்ம முன்னோருக்குத்தான் மொதல்ல சொல்லுவேன், உன் காதுக்கு என்னடி அவசரம்" என்கிறார். நாக்கு போனால் அந்தப் பெயரும் போய்விடும். நீ டிசம்பரில் லீவு என்கிறாய், அதுவரைக்கும் தாங்காது, மழை பிடித்துவிட்டால் ஆற்றுப் படுகையில் வண்டியும் இறங்காது. கெஞ்சிக் கேட்கிறேன், இந்த மாதமே புறப்படு. அதற்காகத்தான் உனோமாசாவை இதைப் போனில் படம்பிடித்து இன்றே அனுப்பச் சொல்கிறேன்.

மருமகளுக்கு லீவு இல்லையென்றால் குழந்தையை மட்டும் கூட்டி வா, அவள் சம்மதம் எழுதிக் கையெழுத்துப் போட்ட தாளும் பிறப்புச் சான்றிதழும் கைப்பையில் இருக்கட்டும், விமானம் இறங்கும் இடத்தில் கேட்பார்கள். அங்கிருந்து விண்டுக்குக்குப் போகாதே, அது எதிர்த்திசை, நேரே கோபாபிஸ் ரோட்டைப் பிடி, இடது பக்கம் ஓட்டு, உன் கை வலது பக்கத்துக்குப் பழகியிருக்கும். கோபாபிஸில் பெட்ரோல் நிரப்பு, தண்ணீர் வாங்கு, இருட்டிவிட்டால் அங்கேயே தங்கு. உடனே வா என்கிறவளே நில் என்றும் சொல்கிறேன், என்ன செய்ய, உன் அண்ணன் எவால்டும் அப்பாவைப் பார்க்கும் அவசரத்தில்தான் இருட்டில் வந்தான், குடு மான் குறுக்கே பாய்ந்தது. இன்னொரு தடவை என்னால் முடியாது. எப்படியும் அப்பாவுக்குக் காலையில்தான் பேச்சு. மணல் பாதையில் டயர் காற்றைக் குறைத்துவிடு, வழியில் மாட்டு வேலிகளில் திறந்த கேட்டை மூடிவிட்டு வா. "அஞ்சாவது படிச்சவ இஞ்சினியருக்கு வழி சொல்றா" என்று ஆசேர் சிரிக்கிறான், சிரிக்கட்டும். வந்ததும் என்னைப் பார்த்து ஓடி வந்துவிடாதே, முதலில் நெருப்பிடம் போ, மறந்திருப்பாய், நான் வாசலிலேயே பொறுத்துக்கொண்டு நிற்பேன். நெருப்புக்கும் வீட்டுக்கும் நடுவே குழந்தையை ஓடவிடாதே, அது முன்னோர் வழி. அப்பா வாயில் தண்ணீர் எடுத்து அவள் நெற்றியில் தெளிப்பார், பயப்படாமல் இருக்க முன்பே சொல்லி வை.

கடவுளும் நம் முன்னோரும் உங்கள் வண்டிக்கு முன்னால் நடக்கட்டும். லீவுக்கு அலையும்போதே லீனாவின் புதுப் படம் ஒன்று தபாலில் போடு, போனில் வேண்டாம், அப்பா கையில் பிடிக்க வேண்டும். படத்துக்குத் தண்ணீர் தெளிக்க முடியாது என்கிறான் ஆசேர், எனக்கும் தெரியும், அதற்கில்லை. அப்பா தினமும் நெருப்பு முன்னால் உட்கார்ந்து, அவள் தலை எங்கே வரும் என்று கையைத் தாழ்த்தித் தாழ்த்திப் பார்க்கிறார். எங்களிடம் இருக்கும் படத்தில் அவள் மடியில் கிடக்கிற சிசு. நிற்கிற படமாக எடு, பக்கத்தில் நீயும் நில். உன் உயரம் அவருக்குத் தெரியும்.

உன் அம்மா,
கிறிஸ்டோபினே