வெளிர் மஞ்சள் மாவட்டம்

மார்ச் 4, செவ்வாய்

பற்றிக்கொண்டு வருகிறது.

பள்ளிக்கு அரைநாள் விடுப்பு போட்டுவிட்டு என் வீட்டுக்காரரோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வழக்கமாகத் தனியாகத்தான் போவார். மாத்திரையோடு வந்து "எல்லாம் நல்லாத்தான் இருக்காம்" என்பார். நேற்று மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிட்டார். இனிமேலும் தனியாக அனுப்புவேனா?

காத்திருக்கும் கூடத்தில் சுவரை அடைத்து ஒரு வரைபடம். எந்த மாவட்டத்துக்காரர்கள் எவ்வளவு பேர் இதய பைபாஸ் செய்துகொள்கிறார்கள் என்று நிறம் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். மலைக்கு அந்தப் பக்கம் பெருநகரம் அடர் சிவப்பு. இந்தப் பக்கம் நாங்கள் வெளிர் மஞ்சள். ஓரத்தில் பழைய வருடங்களின் சின்னப் படங்கள். பெருநகரத்தில் சிவப்பு ஏறி, நெஞ்சைத் திறக்காமலே அடைப்பெடுக்கும் ஸ்டென்ட் வந்தபிறகு கொஞ்சம் இறங்கியிருக்கிறது. நாங்கள் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கீழே கொட்டை எழுத்தில்: 'வலுவான இதயங்களின் மாவட்டம்!'

புவியியல் டீச்சரிடமா இந்த வேலை? மழைமானியே வைக்காத இடத்தில் மழை பெய்யவில்லை என்று நான் பாடம் நடத்தினால் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளே சிரிக்கும்.

பக்கத்தில் ஒரு ரிட்டயர்டு கண்டக்டர். தனி ஆள். அவருக்கும் இதே டாக்டர், இதே மாத்திரை. "பெருநகரத்துக்குத் தலைவலின்னு போனாலும் நெஞ்சைப் பொளந்துதான் அனுப்புவாங்க டீச்சர். சில்லறை பாக்கி மாதிரி, சும்மா விடமாட்டாங்க" என்றார். என் வீட்டுக்காரர் தொடையில் தட்டிச் சிரித்தார். சிரித்ததற்கே மூச்சு வாங்கியது.

டாக்டர் அவசர கேஸுக்குப் போய்விட்டார். அடுத்த செவ்வாய் வரச் சொன்னார்கள்.

மார்ச் 11, செவ்வாய்

கோபம் இன்னும் அடங்கவில்லை.

"மூணு குழாயிலயும் அடைப்புன்னு சொல்றீங்க. அப்புறம் ஏன் டாக்டர் வெறும் மாத்திரை?" என்று கேட்டேன். டாக்டர் இவரைப் பார்த்தார். இவர் மின்விசிறியைப் பார்த்தார்.

"போன வருஷமே பைபாஸ் பண்ணணும்னு சொல்லிட்டேனே. போகமாட்டேன்னுட்டார். வீட்ல சொல்லலையா?"

அடப்பாவி மனுஷா!

சரி, அவர் அப்படி. இந்த டாக்டர்? "பத்துப் பேர்கிட்ட சொன்னா எட்டுப் பேர் வேண்டாம்ங்கறாங்க டீச்சர். மலை தாண்டிப் போகணும், கூட ஆள் இருக்கணும், அங்கேயே வாரக்கணக்கா தங்கணும். நான் ஒரு தடவை சொல்வேன். மறுபடி சொல்றதில்லை." இன்று என்ன கிழமை என்று கேட்டதற்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னார்.

ஆக, இதுதான் எங்கள் வெளிர் மஞ்சள். வலுவான இதயமாம், மண்ணாங்கட்டி. வேண்டாம் என்று தலையாட்டியவர்கள், ஏன் என்று கேட்காதவர்கள் — இவர்களை வைத்து வரைந்த படம்.

மார்ச் 12, புதன்

பேசவில்லை. தட்டை டொக்கென்று வைத்தேன். குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். பேச என்ன வாய் இருக்கிறது?

மார்ச் 15, சனி

வெடித்துவிட்டேன். பக்கத்து வீட்டு ஜன்னல் சாத்தும் சத்தம் கேட்டது. சாத்தட்டும்.

"ஊருக்கே தண்ணி ஏத்தற பம்ப் ஆபரேட்டர் நீங்க. மோட்டார் கொஞ்சம் இரைஞ்சா சோத்தைப் பாதியில விட்டுட்டு ஓடுவீங்க. சொந்த மோட்டார் நிக்கப்போகுதுன்னு சொன்னா என்கிட்ட மறைப்பீங்களா? ஒரு வருஷமா! என்னை என்னன்னு நெனச்சீங்க?"

"மோட்டார் வேற. அதைக் கழட்டும்போது நான் மேல நின்னு பாத்துக்கிட்டு இருப்பேன். இதுல என்னைப் படுக்கவெச்சு இல்ல கழட்டறாங்க."

நான் சிரிப்பேன் என்று பார்த்தார். சிரிக்கவில்லை. விரலைச் சொடுக்கிக்கொண்டே, "பயமா இருக்கும்மா" என்றார்.

இத்தனை வருடத்தில் இந்த வார்த்தையை அவர் வாயால் கேட்டதில்லை. கோபம் போய்விட்டதா? எங்கே போகும்! பயம் என்றால் என்னிடம் அல்லவா சொல்லியிருக்க வேண்டும்? அவர் போய்விட்டால் இந்த வீட்டில் தனியாக உட்காரப் போவது யார்? அவரா? எல்லாவற்றையும் கேட்டேன். தொண்டை கட்டும்வரை கேட்டேன்.

கடைசியில், "சரி, போலாம். நீ கொஞ்சம் தண்ணி குடி" என்றார்.

மார்ச் 17, திங்கள்

பஸ் டிக்கெட் எடுத்தாயிற்று. மனது மாறுவதற்குள்.

ஏப்ரல் 9, புதன்

முடிந்தது. நெஞ்சு நடுவே நீளக் கட்டு. கண் விழித்ததும் "பம்ப் ஓடுதா?" என்றார். "ஓடுது, வாயை மூடிக்கிட்டுப் படுங்க" என்றேன். வராந்தாவுக்கு வந்து அழுதேன்.

ஜூன் 10, செவ்வாய்

இங்கே மறுபரிசோதனை. எல்லாம் நன்றாக இருக்கிறது — இந்த முறை என் காதாலேயே கேட்டேன். கூடத்தில் புதுப் படம் மாட்டியிருக்கிறார்கள். அதே மஞ்சள்.

கண்டக்டரைக் காணோமே என்று நர்ஸிடம் கேட்டார் இவர். போன மாதம் தூக்கத்திலேயே போய்விட்டாராம்.

நேராக டாக்டர் அறைக்குள் போனேன். "அவர்கிட்ட பைபாஸ் பத்திச் சொன்னீங்களா?"

"சொன்னேன். ஒரு தடவை."

கத்தினேன். வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உங்க வீட்டுக்காரரை எப்படி டீச்சர் சம்மதிக்க வெச்சீங்க?" என்றார்.

"திட்டினேன்."

"எல்லாருக்கும் திட்ட ஆள் இருக்கறதில்லையே" என்று சொல்லிவிட்டு மாத்திரை எழுதினார். கிண்டலாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை.

கண்டக்டருக்கு வீட்டில் யார் இருந்தார்கள்?

ஜூன் 14, சனி

பள்ளி இல்லை. காலையிலேயே என் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக் கூடத்தில் போய் உட்கார்ந்துவிட்டேன், படத்துக்கு நேர் கீழே. டாக்டர் அறையிலிருந்து தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்த ஒரு தையல்காரரைப் பிடித்தேன். பைபாஸாம், வேண்டாம் என்றுவிட்டாராம்.

"ஏன் வேண்டாம்னீங்க?"

"நீங்க யாரும்மா அதைக் கேக்க?"

"யாரும் இல்ல. உக்காருங்க" என்று ஆரம்பித்தேன். இவர் சட்டைப் பொத்தானைக் கழற்றித் தழும்பைக் காட்டினார். தையல்காரர் குனிந்து, தையலை உற்றுப் பார்த்தார். "நல்லாத்தான் போட்டிருக்கான்" என்றார். பிறகு மெதுவாக, "கூட வர எனக்கு ஆள் இல்லம்மா" என்றார்.

"நான் வர்றேன்" என்றார் என் வீட்டுக்காரர், பொத்தானைப் போட்டுக்கொண்டே.

மறுபடியும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை இந்த மனிதர். பஸ் டிக்கெட் மூன்றாக எடுக்கச் சொன்னேன்.