பலகை நின்ற இடம்

வடக்குத் துறை,
மார்ச் 14

அன்பு மகள் லில்யாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டு சுகமாகத்தான் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அந்த ஆஸ்திரேலியா வெயிலில் வாடாமல் இருந்தால் அதுவே எனக்குப் போதும். நீ மின்விசிறி போட்டுத் தூங்குகிறாய், இங்கே ஏரி இன்னும் மூன்றடிக்கு உறைந்து கிடக்கிறது. அப்பாவுக்குக் காது நவம்பரோடு சுத்தமாக அடைத்துவிட்டது. பழைய காதுக்கருவி சர்க்கரை டப்பாவில் கிடக்கிறது, போட்டால் தகரத்தை உரசுகிற மாதிரி இருக்கிறதாம். புதிதாக ஒன்று வாங்கி அனுப்பட்டுமா என்று கேட்டிருந்தாய். அதற்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன், நேராகச் சொல்ல வரவில்லை, கொஞ்சம் சுற்றித்தான் வருவேன், பொறுமையாகப் படி.

காது போனாலும் மனிதர் வலையை விடவில்லை. இந்தக் கரையிலேயே நல்ல காது உன் அப்பா ஹல்லூருடையது என்று பேர் இருந்தது. இப்போது அவர் கயிறு இழுக்கிறார், நான் மேலே நடந்து கேட்கிறேன். உனக்குத் தெரிந்ததுதான், மாப்பிள்ளைக்குப் படித்துக் காட்டினால் அவருக்கும் புரியட்டும் என்று எழுதுகிறேன். ஒரு துளை வெட்டி ஜிக்கர் பலகையைப் பனிக்கு அடியில் விடுவோம், கயிற்றைச் சுண்டச் சுண்ட அதன் இரும்புக் கை பனியின் அடிப்பக்கத்தை டொக் டொக்கென்று தட்டித் தன்னைத்தானே முன்னால் தள்ளிக்கொண்டு போகும். மேலே ஒருவர் அந்தச் சத்தத்தோடு நடந்து, அது நின்ற இடத்தில் குச்சி நட வேண்டும், அங்கே இரண்டாவது துளை வெட்டிப் பலகையை எடுத்தால் கயிறு இரண்டு துளைக்கும் நடுவே ஓடியிருக்கும், அதில் வலையைக் கட்டி இழுத்துவிட வேண்டியதுதான். பிக்கரல் வெளிச்சத்துக்குக் கூசுகிற மீன், பகலெல்லாம் ஆழத்தில் கிடந்துவிட்டு, பொழுது மங்கும்போது பாறைத் திட்டுக்கு இரை தேடி வரும், அந்த வழியை மறித்து வலை இருக்க வேண்டும். இந்த வருடம் நல்ல மீன்தான். அதன் கன்னச் சதையை வெண்ணெயில் வறுக்கும்போதெல்லாம் உன் நினைப்பு வருகிறது.

போன செவ்வாய்க்கிழமை மதியம் வானமும் ஏரியும் ஒரே வெள்ளையாக, எது மேல் எது கீழ் என்று தெரியாமல் இருந்தது. பலகை தெற்கே ஒழுங்காகத் தட்டிக்கொண்டு போனது, நானும் கூடவே நடந்தேன். திடீரென்று சத்தம் நின்றது. திரும்பினால் அப்பா கயிற்றைக் கீழே போட்டுவிட்டுத் தொப்பியைக் கழற்றித் தலையைச் சாய்த்து நிற்கிறார், காது நன்றாக இருந்த காலத்தில் நிற்பாரே, அப்படியே. பிறகு கிழக்கே, பனி பிளந்து தண்ணீர் தெரிகிற பெரிய விரிசல் பக்கம், அளந்து அளந்து அடி வைத்து நடக்க ஆரம்பித்தார். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். “கேக்குதா குட்னி?” என்றார். இல்லை என்று தலையாட்டினேன். “செவிடு நானா, நீயா?” என்று சிரித்தார். பிடித்த கையை விடாமல் கூடவே போனேன். விரிசலுக்கு இருபதடி இருக்கும்போது நின்று குச்சியை நட்டார். “இங்கதான் நிக்குது. இங்க வெட்டணும்” என்றார். மார்ச் வெயிலில் அந்த ஓரத்துப் பனி எப்படி இளகி இருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டாம், எப்படியோ இழுத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். நீ வராவிட்டால் நாளைக்கு நான் தனியாகப் போவேன் என்று சாப்பாட்டு மேசையில் அப்பாவுக்கு ஒரே பிடிவாதம். பிறகுதான் பத்தொன்பது வருடமாக வாய் திறக்காததைச் சொன்னார்.

உன் ப்யோசி சித்தப்பா பனி வண்டியோடு விரிசலில் மூழ்கிப் போனபோது உனக்கு ஒன்பது வயது. உடனே போய்விட்டார், வலியே தெரிந்திருக்காது என்று உன்னிடம் சொன்னோம். அது பொய், லில்யா. அன்றைக்கு அப்பா கேட்டுக்கொண்டு நடந்தார், கயிறு இழுத்தது நான். நாலு தட்டு, கொஞ்சம் இடைவெளி, மறுபடியும் நாலு தட்டு. பலகை சிக்கிச் சிக்கிப் போகிறது என்று நினைத்து அப்பா அந்தச் சத்தத்தின் பின்னால் போனார். அது நின்றது. குச்சியை நட்டார். பலகை நன்றாகப் போயிருக்கிறது என்ற திருப்தியில் திரும்பி வந்து காப்பி கேட்டார், நான்தான் ஊற்றிக் கொடுத்தேன். நிதானமாகக் குடித்துவிட்டுப் போய் வெட்டினால் துளையில் பலகை இல்லை, வெறும் தண்ணீர். அதற்கப்புறம்தான் பனி மேட்டுக்குப் பின்னால் வண்டித் தடம் தண்ணீரில் போய் முடிவதைப் பார்த்தோம், பனிக்கு அடியிலிருந்து தட்டியது யார் என்று அப்போதுதான் புரிந்தது. “அந்தக் காப்பியக் குடிக்காம வெட்டியிருந்தா…” என்று சொல்லிவிட்டு உன் அப்பா தட்டைத் தள்ளி வைத்து அழுதார். பெரிய மனிதர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

அவரைத் தனியாக விட முடியுமா, மறுநாள் நானும் போனேன். ஒவ்வோர் அடிக்கும் இரும்புக் கம்பியால் முன்னால் குத்திப் பார்த்துக்கொண்டு, இரண்டு பேர் இடுப்பிலும் ஒரே கயிறு. குச்சி நின்ற இடத்தில் அவரே வெட்டினார். குப்புறப் படுத்து முகத்தைத் துளைக்கு மேல் வைத்து வெகுநேரம் பார்த்தார். அடியிலிருந்து ஒரு பிக்கரல் மேலே வந்து, அந்த வெள்ளைக் கண்ணால் எங்களைப் பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றது, கண் கூசுகிற பகலில் அந்த மீன் அப்படி மேலே வந்து நான் கண்டதில்லை. அப்பா பிளாஸ்கைத் திறந்து அவ்வளவு காப்பியையும் தண்ணீரில் ஊற்றினார். “இந்தாடா ப்யோசி, ஒன் பங்கு” என்றார். மீன் போய்விட்டது. “நின்னுடுச்சு குட்னி” என்று எழுந்தார். அன்றிலிருந்து குழந்தை மாதிரி தூங்குகிறார், சாப்பாடும் நன்றாக இறங்குகிறது.

இனி சொல்வதை அப்பாவிடம் சொல்லிவிடாதே. சித்தப்பா போன அன்றைக்குக் கயிறு நேராகத் தெற்கே போனது, அப்பா கிழக்கே நடந்தார். இழுத்தவள் நான், என் கண்ணால் பார்த்தேன். அது பலகை இல்லை என்று அப்போதே கத்தியிருக்கலாம். அந்தக் காதோடு நான் என்ன வாதாடுவது என்று பேசாமல் இருந்துவிட்டேன். இத்தனை வருடத்தில் கயிறு எந்தப் பக்கம் போனது என்று அவர் ஒரு முறைகூட என்னைக் கேட்டதில்லை. புதன்கிழமை காப்பியை ஊற்றிவிட்டுத் திரும்பும்போது அவர் சறுக்கு வண்டியை இழுத்துக்கொண்டு முன்னால் போனார், நான் பின்னால் போனேன். என் காலுக்கு அடியில் நாலு தட்டு. கொஞ்சம் இடைவெளி. நாலு தட்டு. பலகை வண்டியில் கட்டிக் கிடக்கிறது, என் கண் முன்னால். கரைவரை என்னோடு அடிக்கு அடி வந்தது. நான் நிற்கவில்லை. நான் நின்றால் அதுவும் நின்றுவிடுமே என்று பயம்.

நாளை கடைசி வலையை எடுக்கப் போகிறோம். நீ எதற்கும் மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல், இரண்டு பேரும் நல்லபடியாக, நிறைவாக இருக்க வேண்டும், எங்கள் ஆசி எப்போதும் உண்டு. ஊருக்கு வருவதாக இருந்தால் ஜூனில், ஏரி முழுக்கத் திறந்த பிறகு வா, அதற்கு முன்னால் வேண்டாம். மறக்காதே, காதுக்கருவி அனுப்பாதே. அவர் தூங்கட்டும். கேட்க வேண்டியதை நான் கேட்டுக்கொள்கிறேன்.

உன் அம்மா,
குட்னி