சமயநல்லூரிலிருந்து மங்கலான படம்

12, வெள்ளி

காலையிலேயே புழுக்கம். சமயநல்லூர். கண்மாயில் மண் அள்ளுவதை எதிர்த்து மறியல். மண் லாரி ஓட்டுநர் ஒருவர் எங்கள் சேனலுக்குப் பேட்டி தரச் சம்மதித்தார். இந்தக் குறிப்பிலும் மு. என்றே இருக்கட்டும்.

"மூஞ்சி தெரியக் கூடாதுண்ணே. நாந்தான்னு தெரிஞ்சா மொதலாளி லாரி சாவியப் புடுங்கிருவாரு."

தெரியாது என்றேன். முகத்தை மறைப்பது அலுவலகத்தில் வழக்கமான வேலை.

என் காருக்குள் உட்கார வைத்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கேள்விகள். வெளியே ஆளுக்கொரு செல்போன், எல்லாரும் வீடியோ அனுப்பியபடி. டவர் திணறல். நெரிசல் வந்தால், பேட்டியை அப்போதைக்கப்போதே அலுவலகத்துக்கு அனுப்பும் எங்கள் செயலி தானாகவே படத்தின் தரத்தைக் குறைத்துக்கொள்ளும், பேச்சை விடாது. நல்ல ஏற்பாடு.

மதியம் அலுவலகத்திலிருந்து வீடியோ எடிட்டர் ஸ்டெல்லா: "மறைச்சே அனுப்பிட்டீங்க, வேல மிச்சம்ண்ணே. அப்படியே போட்டுட்டேன்."

சரிம்மா என்றேன். பசி. என்ன சொன்னாள் என்று யோசிக்கவில்லை.

13, சனி

பிரஷர் மாத்திரை. கரண்ட் பில். மறக்கக் கூடாது.

தல்லாகுளம் அலுவலகம். நேற்றைய வீடியோவை இன்றுதான் பார்த்தேன். முகம் கட்டங்கட்டமாக. நான் மறைக்கவில்லை. ஸ்டெல்லாவும் மறைக்கவில்லை. நெரிசலில் உடைந்த படம், அவ்வளவுதான்.

அப்போதுதான் உறைத்தது. லைன் சீரானதும், போனில் பதிவாகியிருக்கும் தெளிவான படத்தைச் செயலி தானே அனுப்பி, பழையதன் இடத்தில் வைத்துவிடும். போனை எடுத்தேன். அலுவலக வைஃபையில் பாதிக்கு மேல் ஏறியிருந்தது. அணைத்தேன். ஸ்டெல்லாவின் மேஜைக்கு ஓடினேன்.

"பதறாதீங்கண்ணே. முழுசா வந்தாத்தான் மாறும். மங்கினதுதான் இருக்கு. அதையும் நல்லா மறைச்சு விட்டுர்றேன்."

உட்கார முடியவில்லை. இரண்டு டீ. மு.வுக்கு போன். எடுக்கவில்லை. மாலையிலும் இல்லை. மாத்திரை வாங்கவில்லை.

14, ஞாயிறு

மேகம். மழை இல்லை. வாசலுக்கும் கூடத்துக்கும் நடை. பத்து மணி வாக்கில் மு.வே கூப்பிட்டார்.

"மூஞ்சி தெரியலண்ணே. சொன்னபடி செஞ்சுட்டீக."

அப்பாடா என்றிருந்தது. அவர் முடிக்கவில்லை.

"ஷெட்டுல எல்லாருமாப் போட்டுப் பாத்தாய்ங்க. வாயத் தொறந்ததுமே, 'இது நம்ம மாப்ள கொரலுடா'ன்னு ஒரே சிரிப்பு. மொதலாளியும் அங்கதான் நின்னாரு. சாவிய வாங்கிட்டாரு."

லைனில் இருக்கிறேனா என்று கேட்டார். இருக்கிறேன் என்றேன்.

"அம்புட்டுக் கூட்டத்துலயும் எம்புட்டுத் தெளிவா கேக்குதுண்ணே."