எந்த மணம் என்று நீர் கேட்கவில்லை

இன்று காலை ஆய்வுகூடத்தில் மாணவி ஒருத்தி போத்தலைத் திறந்தாள். மீன் மணம் குப்பென்று வந்தது. தூளைச் சரியாகக் கழுவவில்லை என்றேன்; தலையாட்டிவிட்டுக் கழுவப் போனாள். அவளுக்கு அவ்வளவு எளிதாகச் சொன்னதை உமக்குச் சொல்லத்தான் முடியாமல் போயிற்று. செத்த மனிதரோடு கோபம் பாராட்டக் கூடாது என்பார்கள். நான் பாராட்டுகிறேன்.

நாம் இருவரும் சேர்ந்து செய்த தூள் அது. கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்தது. இருட்டில் காற்றிலுள்ள கரியமில வாயுவை, அந்தக் காபனீரொட்சைட்டைப் பிடித்து வைத்திருந்து, வெயில் பட்டதும் விட்டுவிட வேண்டும். அடுப்பும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். தீவில் வெயிலுக்கு என்ன பஞ்சம் என்று சொல்லி, ஊர்காவற்துறையில் உமது வீட்டுப் பின்னறையிலேயே பரிசோதனையை வைத்தீர். வெளியே முற்றத்தில் உமது அப்பா கருவாடு காயப்போட்டிருப்பார்.

வாயு பிடிபடவில்லை. நான் தூளை முகர்ந்து பார்த்து, "மீன் மணக்குது, இது சரிவராது" என்றேன். செய்முறையில் சேர்த்த கரைப்பான் துளைகளுக்குள் தங்கிச் சிதைந்தால் அப்படித்தான் மணக்கும். வாயு புக இடமிருக்காது. வேறெந்த ஊரிலும் அது உடனே தெரிந்திருக்கும். கருவாட்டுக்கு நடுவே வளர்ந்த உமது மூக்குக்கு அது வீட்டு மணம்.

நான் விளக்கிச் சொல்லுமுன் நீர் எழும்பிவிட்டீர்.

"புளியங்கூடல் கமக்கார வீட்டுப் பிள்ளைக்கு எங்கட வீடு மணக்கத்தான் செய்யும்."

உமது அம்மாவின் குசினியில் மீன் குழம்பை இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவளைப் பார்த்துச் சொன்னீர். அது எத்தனை தலைமுறைக் காயம் என்று எனக்குத் தெரியும். வயல்காரச் சாதியான என் ஆட்கள், மீன்பிடிக்கிற உம்மவர்களை மணக்குது என்று தள்ளிவைத்ததும் தெரியும். அதற்காக என் வாயை அடைக்க உமக்கு யார் உரிமை தந்தது? அதே தூளை, என் பெயரை வெட்டிவிட்டு, வெளிநாட்டுக்குச் சோதனைக்கு அனுப்பினீர். அங்கேயும் அது ஒன்றையும் பிடிக்கவில்லை. வெட்கத்தில் வேலையை விட்டீர். பிறகு வந்த காய்ச்சலோடு போய்விட்டீர். எந்த மணம் என்று ஒருநாளாவது கேட்டிருக்கலாம், விசர் மனிசன்.

இப்போது தூள் வேலை செய்கிறது. ஒழுங்காகக் கழுவினேன், அவ்வளவுதான். அதைப் பற்றி ஆய்வுக் கட்டுரை அனுப்பப் போகிறேன் என்று கேள்விப்பட்டு உமது அம்மா வந்தா. கதிரையின் நுனியில் இருந்துகொண்டு, "அவன்ர பேரையும் போடுவியோ, பிள்ளை?" என்று கேட்டா. ஓம் என்றேன்.

உமது பெயரை முதலில் போட்டிருக்கிறேன். அன்பென்று நினைக்க வேண்டாம். எவர் எங்கே அதை வாசித்தாலும், நீர் என் பெயருக்குப் பக்கத்தில்தான் நிற்க வேண்டும். எழும்பிப் போக இனி உமக்கு ஏலாது.